“முன்னால யாரு கொசுவம் வெச்சா?” சேலத்துப் பெண்களின் பழைய உடையைத் தேடக் கிளம்புகிறவர்களுக்கு

பள்ளி ஆண்டு விழாக்களுக்கு உடை தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு சுதந்திரப் போராட்ட நாடகத்துக்குப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளுக்கு உடை வேண்டுமென்று கேட்டார்கள். எல்லோருக்கும் வெள்ளைக் கதர்ச் சேலை, முழங்கை வரை ரவிக்கை, அழகாக மடிப்பெடுத்து முன்கொசுவம். நானே மெச்சிக்கொண்டேன். நாடகம் முடிந்ததும், பேத்தியைப் பார்க்க சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துச் சொன்னார்: “நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. ஆனா எங்க வீதியில அப்ப முன்னால யாரு கொசுவம் வெச்சா? புள்ளைங்களுக்கு வெள்ளச் சீல வேற கட்டிவுட்டுட்ட. தாலி அறுத்தவளாட்டம்.”

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் தேடல். அதற்குப் பிறகு என்னிடம் வந்து “பழைய காலத்து உடையைப் பற்றித் தெரிஞ்சுக்கணும், எங்கிருந்து தொடங்குறது?” என்று கேட்டவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

“அந்தக் காலத்துப் பெண்கள் என்ன உடுத்தினார்கள்” என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தக் காலம்? எந்தத் தெரு? கல்யாண வீட்டிலா, தறி வீட்டிலா? நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். நான் எழுதியது: “1935 முதல் 1950 வரை, அம்மாப்பேட்டை நெசவாளர் வீடுகளில், வேலை நாளில், முப்பது வயதுப் பெண்.” வயதைக் குறிப்பிடாமல் விட்டால் பிறகு சிரமம். பாவாடை தாவணி வயதும் சேலை வயதும் வேறு. கணவனை இழந்தவளின் உடை அதைவிட வேறு.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் கைக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் விசேஷ உடை. கல்யாணப் பட்டைப் பெட்டியில் வைத்தார்கள். தினமும் கட்டிய நூல் சேலை நைந்து, குழந்தைக்குத் தூளியாகி, பிறகு கரித்துணியாகி, அடுப்பங்கரையிலேயே முடிந்துபோனது. பட்டு மட்டும் தப்பித்ததா என்றால் அதுவும் இல்லை. “பழைய பட்டுச் சேலை, சரிகை இருக்கா” என்று தெருவில் கூவி வருகிறவர்கள் எடை போட்டு வாங்கிப் போய், எரித்து, சரிகையிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். மற்ற பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் வந்தது. ஆகவே உங்கள் தேடலில் முக்கால்வாசி, இல்லாமல் போன துணியைச் சுற்றி வளைத்துக் கண்டுபிடிப்பதுதான்.

வீட்டுப் படங்களில் தொடங்குங்கள்

நூலகத்துக்குப் போகும் முன் சொந்தக்காரர் வீடுகளின் சட்டம் போட்ட படங்களைப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றாதீர்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு, சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து, கைபேசியிலேயே படமெடுத்துக்கொள்ளலாம். தனிப்படமாக இருந்தால் பின்புறத்தையும் எடுங்கள். அட்டையில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும், சிலதில் யாராவது தேதி எழுதியிருப்பார்கள். நீங்கள் ஏதாவது எழுதுவதானால் பென்சிலில், பின்பக்க ஓரத்தில் மட்டும். பேனா மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.

படத்தைப் படிப்பது தனி வித்தை. நான் ஏமாந்த இடம் நிறம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பெண் கரிய சேலையில் நிற்கிறாள் என்றால் அது கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. 1930கள் வரைக்கும் பரவலாக இருந்த ஃபிலிம் வகை சிவப்பு வெளிச்சத்தை ஏறக்குறைய உணராது. சிவப்பும் அரக்கும் படத்தில் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். நெற்றியில் கறுப்புப் பொட்டு என்று நாம் நினைப்பது பல நேரம் குங்குமம்தான். அதற்குப் பிந்திய ஃபிலிமில் இந்தக் கோளாறு குறைவு. சரி, வண்ணம் பூசிய படம் இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். ஸ்டூடியோவில் கையால் வண்ணம் பூசியவர் சேலையை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பச்சை மை தீர்ந்திருந்தால் நீலம் பூசியிருப்பார்.

அடுத்து, படத்தில் இருப்பது அவர்களுடையதுதானா? மேசை, பூச்சாடி, கையில் பிடித்த புத்தகம், பின்னால் தொங்கும் மாளிகைத் திரை எல்லாம் ஸ்டூடியோச் சாமான். நகையில் பாதி அக்கா வீட்டில் இரவல் வாங்கியதாக இருக்கலாம். என் உறவில் ஒரே அட்டிகை மூன்று வேறு வேறு பெண்களின் கல்யாணப் படங்களில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு அந்த மூன்று குடும்பத்தின் மேலும் தனி மதிப்பு வந்துவிட்டது.

அதனால் படத்தில் நடுவில் நிற்பவரை விட்டு ஓரத்தைப் பாருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும் வேலைக்காரப் பெண், கதவு மறைவில் எட்டிப் பார்க்கும் கிழவி, இவர்கள்தான் அலங்கரித்துக்கொள்ள நேரமில்லாதவர்கள். நான் தேடிய தினசரி உடை எனக்குக் கிடைத்தது அங்கேதான். ரவிக்கை இருக்கிறதா, கை எவ்வளவு நீளம், தோளில் கொப்பளித்த பஃப் கையா, முந்தானை எந்தத் தோளில், கொசுவம் எங்கே, சேலையின் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு மேலா கீழா, காதில் என்ன, மூக்கில் ஒன்றா இரண்டா என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரே வரிசையில் குறித்து வாருங்கள். முப்பது படம் சேர்ந்ததும் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும்.

பழைய ஸ்டூடியோக்களிலும் விசாரியுங்கள், ஆனால் தள்ளிப் போடாதீர்கள். நான் போன ஒரு ஸ்டூடியோவில், இரண்டு தலைமுறைக் கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக்கி விற்றுவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார்கள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின்கீழ் மின்வடிவில் சேகரித்திருக்கிறார்கள். இணையத்தில் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் படம் எந்தப் பத்தாண்டு என்று ஒப்பிட நல்ல துணை.

பெரியவர்களிடம் கேட்பது

“அந்தக் காலத்துல என்னங்க உடுத்துனீங்க?” என்று கேட்டால் “என்ன கண்ணு, சீலதான்” என்று பதில் வரும். பேட்டி முடிந்தது. எனக்கு முதல் நான்கு வீட்டில் இதுதான் நடந்தது. ஐந்தாவது வீட்டில் கேள்வியை மாற்றினேன். “அம்மாயி, உங்ககிட்ட மொத்தம் எத்தனை சீல இருந்துச்சு?” அவ்வளவுதான். கட்டுவதற்கு ஒன்று, துவைத்துக் காய ஒன்று, பெட்டியில் ஒன்று என்று தொடங்கி, எந்தக் கிணற்றடியில் துவைத்தார்கள், சாயம் போகாமலிருக்க என்ன செய்தார்கள், மழைக்காலத்தில் ஈரச்சீலையோடே எப்படிச் சமைத்தார்கள் என்று ஒரு மணி நேரம் போனது.

உடையைக் கேட்காமல் உடையைச் சுற்றிக் கேளுங்கள். முதல் ரவிக்கை போட்டது எப்போது, யார் தைத்தது, அதற்கு மாமியார் என்ன சொன்னார்? தாத்தா தலைமுறையில் ரவிக்கை இல்லாமலேயே வாழ்ந்து முடித்த பாட்டிகள் இங்கே பல வீடுகளில் இருந்தார்கள். அது இல்லாமையாலா, வழக்கத்தாலா, வேலைக்கு வசதி என்பதாலா, இன்னார் போடக்கூடாது என்று யாராவது தடுத்ததாலா என்பது வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் அனுமானத்தை அவர் வாயில் திணிக்காதீர்கள். சாதியும் விதவைக் கோலமும் இந்தப் பேச்சில் கட்டாயம் வரும். கூச்சப்பட்டு நீங்கள் பேச்சை மாற்றினால் பாதி வரலாறு போய்விடும். ஆனால் அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். பதிவு செய்யும் முன் கேளுங்கள். மருமகள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துப் போவது கூடுதல் பலன் தரும் என்பது என் அனுபவம்.

வருடம் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஊர்ச் சம்பவத்தோடு முடிச்சுப் போடுங்கள். மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934. கள்ளுக்கடைகளை மூடிய மதுவிலக்கை ராஜாஜி முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபரில். துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது 1943. “ரேஷன் துணிக்கு நின்னோம்” என்று ஒருவர் சொன்னால், அந்தச் சேலை யுத்த காலத்தது அல்லது யுத்தம் முடிந்த சில வருடத்துக்குள்ளது. “அணை கட்டறப்ப எனக்குக் காது குத்துனாங்க” என்றால் பிறந்த ஆண்டே ஓரளவு கிடைத்துவிட்டது.

ஒப்பாரியும் தாலாட்டும் தெரிந்தவர் கிடைத்தால் பாடச் சொல்லுங்கள். செத்தவருக்குப் பாடும் பாட்டில் சேலை நிறமும் கரையும் நகையும் வரிசையாக வரும். அதில் கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கும். பாட்டில் பட்டு கட்டியவர்கள் எல்லோரும் வீட்டில் பட்டு வைத்திருந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

துணி கையில் கிடைத்தால்

கையைச் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். பல ஆண்டுகளாக ஒரே மடிப்பில் கிடந்த பட்டை உதறி விரிக்காதீர்கள். நான் உதறினேன். மடிப்புக் கோடு முழுக்கக் கத்தியால் கீறினதுபோல விட்டுப் போனது. பெட்டிக்காரப் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். பாயின் மேல் வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் ஒவ்வொரு மடிப்பாகத் திறக்க வேண்டும்.

அளவை எடுங்கள். ஒரு முழம் சுமார் 18 அங்குலம், ஒரு கெஜம் 36 அங்குலம். இன்று கடையில் கிடைக்கும் ஐந்தரை மீட்டர் சேலை பன்னிரண்டு முழம். பெட்டியில் கிடைத்தது பதினாறு முழம், அதாவது எட்டு கெஜம் இருந்தால், அதை இன்றைய மாதிரி கட்டியிருக்க மாட்டார்கள். மடிப்பைப் பின்னால் வைத்துக் கட்டும் பின்கொசுவத்துக்கு அந்த நீளம் பொருந்தும். பதினெட்டு முழம் என்றால் மடிசார் வீட்டுச் சேலையா என்று பாருங்கள். அகலத்தையும் குறியுங்கள். ஊடை என்கிற குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் எறிந்து நெய்த காலத்தில், நெசவாளியின் இரண்டு கையும் எட்டும் அகலத்துக்குமேல் போவது சிரமம். கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசைநாடா வந்த பிறகு அந்தத் தடை தளர்ந்தது. இந்த மாற்றத்தில் சேலத்துக்கும் பங்கு உண்டு: மாகாணத்தில் தொழில் வளர்ச்சியைக் கவனித்த அதிகாரி ஆல்ஃபிரட் சாட்டர்டன் முயற்சியில் 1906இல் சென்னை மாகாண அரசு விசைநாடாத் தறியைச் சோதிக்க நெசவுக்கூடம் வைத்தது இந்த ஊரில்தான். சில ஆண்டுகளே நடந்தது.

கரையும் உடலும் சேருமிடத்தைத் திருப்பிப் பாருங்கள். கோர்வையாக, தனி நாடா போட்டுக் கரையை உடலோடு கோத்து நெய்ததா, ஒரே பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டிய ஒரே நூல் வரிசையில், ஓடுகிறதா? உங்களுக்குத் தெரியாவிட்டால் படமெடுத்துக்கொண்டு அம்மாப்பேட்டையிலோ பொன்னம்மாபேட்டையிலோ வயதான நெசவாளி ஒருவரிடம் காட்டுங்கள். பாவு, ஊடை, அச்சு, எத்தனையாம் நம்பர் நூல் என்று ஒரே நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிடுவார். அதோடு, எந்த வீதியில் யார் இதை நெய்தார்கள் என்ற கதையும் இலவசம். அதைத்தான் நான் தேடிப்போனேன்.

நூல் எது என்று சந்தேகமிருந்தால், ஓரத்தில் தானாகப் பிரிந்து நிற்கும் ஒரே ஒரு இழையை உரிமையாளரின் அனுமதியோடு எடுத்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் தரும். நைலான், பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். நைலான் உலகச் சந்தைக்கே வந்தது 1930களின் கடைசியில்; ஆகவே “1932இல் என் அம்மா கல்யாணத்துக்கு எடுத்தது” என்று சொன்ன சேலை உருகினால், கதையை அன்போடு கேட்டுவிட்டு நோட்டில் கேள்விக்குறி போடுங்கள். ஒரு பொறி: “பட்டு” என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் பட்டு இல்லை. 1920களிலும் 30களிலும் வெளிநாட்டிலிருந்து செயற்கைப் பட்டு நூல் ஏராளமாக இறங்கியது. அது பளபளக்கும், ஆனால் பருத்தி மாதிரியே எரியும்.

திரும்ப வைக்கும்போது கஞ்சி போடாத காடாத் துணியில் சுற்றிக் கொடுங்கள். கஞ்சி பூச்சியைக் கூப்பிடும். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடச் சொல்லிவிட்டு வாருங்கள்.

காகிதத்தில் தேடுவது

சேலத்துக்கு இரண்டு பழைய அரசாங்க நூல்கள் உண்டு. லெ ஃபானு தொகுத்த ஜில்லா மானுவல், 1883. எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டியர், 1918. இரண்டும் ஆங்கிலம், இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. துணிப் பெயர், நகைப் பெயர், நெசவுச் சமூகங்கள் பற்றி இவற்றில் நிறைய உண்டு. எழுதியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். பெண்களிடம் நேராகப் பேசியது குறைவு, சாதியைத் தலை அளந்து பார்த்த காலம் அது. பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புகளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

தேடும்போது பழைய எல்லையை மறக்காதீர்கள். அன்றைய சேலம் ஜில்லாவில் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம். தருமபுரி பிரிந்தது 1965இல்தான். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம் கதருக்குப் பெயர் போனது. அதுவும் அன்றைய கணக்கில் சேலம். என் நாடகத்துப் பெண்களுக்குக் கதர் கட்டியது முழுத் தப்பில்லை என்று எனக்கு ஆறுதல் கொடுத்தது இந்த ஆசிரமம்தான். ஆனால் கதர் கட்டியவர்கள் யார், எத்தனை பேர், தினமுமா கூட்டத்துக்கு மட்டுமா என்று கேட்டுப் போனால் ஆறுதல் கொஞ்சம் கரைகிறது.

தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும். கதைகளை விட விளம்பரங்களைப் பாருங்கள்: சோப்பு, கூந்தல் தைலம், வளையல், தையல் மெஷின். வரைந்தவர் கொஞ்சம் மெருகேற்றியிருப்பார், ஆனாலும் எந்த ரவிக்கை ‘நாகரிகம்’ என்று அன்றைக்கு நினைத்தார்கள் என்பது அதில் பளிச்சென்று தெரியும். தேடு சொல்லைப் பல விதமாகப் போட்டுப் பாருங்கள்: சேலை, சீலை, புடவை, ரவிக்கை, இரவிக்கை, ஜாக்கெட்டு, சட்டை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய லை, னை, றா போன்ற எழுத்துகளை இயந்திரம் பல நேரம் தப்பாகப் படிக்கும். கணினி “இல்லை” என்றால் நம்பாதீர்கள், பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

வீட்டுக் காகிதமும் உண்டு. சீர்வரிசைப் பட்டியல், அடகுச் சீட்டு, ஜவுளிக்கடைப் பற்று நோட்டு. விலையோடு, முழக்கணக்கோடு, நிறத்தோடு எழுதியிருக்கும் ஒரே இடம் இதுதான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம் ஒன்றோடு பழக்கமிருந்தால் பழைய கொலுசு, தண்டை, காப்பு அச்சுகளைக் காட்டச் சொல்லுங்கள்.

சினிமா, கோயில் சிற்பம்

ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்காத சேலத்துக்காரர் இல்லை. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம். அந்தக் காலப் படங்கள் ஆதாரமாகுமா? ராஜா ராணிக் கதைகள் ஆகாது. சமூகக் கதைகளில் கதாநாயகியை விட்டுவிட்டு, கூட்டத்தில் நிற்கும் துணை நடிகைகளைப் பாருங்கள். பலர் சொந்தச் சேலையிலேயே வந்து நின்றார்களோ என்று தோன்றும். நிறம் தேட வேண்டாம். தமிழில் முழுநீள வண்ணப்படம் முதன்முதலில் வந்ததே 1956இல், இதே நிறுவனத்தின் அலிபாபா படம். கதாநாயகியின் உடை வேறு விதத்தில் உதவும்: படம் வந்த பிறகு ஊரில் யார் அதைப் பார்த்துத் தைத்துக்கொண்டார்கள் என்று பாட்டிகளிடம் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு எல்லோர் முகமும் மலரும்.

தாரமங்கலம் கோயில் ரதியைப் பார்த்து உடை வரைய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சிற்பம் சிற்பிகளின் இலக்கணம், தெருவில் கட்டிய உடைக்குச் சாட்சி இல்லை. அடுத்து.

மலைக்குப் போனால்

சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு வெள்ளைக்காரத் தோட்டக்காரர் குடும்பங்கள் குடியேறின. அந்தச் சீமாட்டிகளின் தொப்பியும் கவுனும் படங்களில் தாராளமாகக் கிடைக்கும். அதே படங்களின் ஓரத்தில் காப்பிக்கூடையோடு நிற்கும் பெண்களுக்குப் பெயர்கூட எழுதியிருக்காது. மலையாளி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மலைவாழ் மக்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று முறை சும்மா போய்வாருங்கள். சேர்வராயன் கோயில் திருவிழா அன்று போய்ப் படம் பிடித்து “பழங்குடி உடை” என்று எழுதாதீர்கள். அதுவும் விசேஷ உடைதான்.

கட்டிப் பாருங்கள்

நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: துணி, படம், வாய்மொழி, அச்சு. இரண்டு வழியில் வந்தால் நம்பலாம். ஒரே வழி என்றால் பென்சிலில் இருக்கட்டும்.

அப்புறம் கட்டிப் பாருங்கள். நான் பதினாறு முழம் நூல் சேலை வாங்கி, பாட்டி சொன்னபடி பின்கொசுவம் வைத்துக் கட்டி, ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றினேன், அதாவது நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் நூல் சுற்றினேன். முன்கொசுவத்தில் குந்தி உட்கார்ந்தால் மடிப்பு முழுக்க மடியில் குவிந்து கையை மறிக்கும். இதில் மடி காலியாக இருந்தது, நூல் கண்டு வைத்துக்கொள்ள இடம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இது எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த நாடகத்துப் பாட்டியிடம் போய்க் காட்டினேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, குனிந்து கீழ்விளிம்பைப் பிடித்து இழுத்தார். “இன்னும் நாலு வெரக்கடை ஏத்திக் கட்டு. கணுக்கால் தெரியோணும்.”

“ஏனுங்க அம்மாயி?”

“கெணத்துப் படியில ரெண்டு கொடத்தோட ஏறோணுமில்ல?”